பெயரில்லாக் கலையா?

பழங்குடி மக்களின் ஓவியங்களுக்கு இன்று மதிப்புப் பெருகியிருக்கிறது என்று மகிழ்வோர் பலர். ஓவியத்திற்கு வந்த மதிப்பு ஓவியருக்கு வந்ததா என்பதே நம் வினா.

மத்தியப் பிரதேசத்துப் பாடன்கட் என்னும் சிற்றூரில் பிறந்தவர் ஜன்கட் சிங் ஷியாம். அவருடைய பர்தான் குடியினர், கோண்டு மக்களின் குலவரலாற்றையும் தெய்வங்களையும் பானா என்னும் நரம்புக்கருவி இசைத்துப் பாடிவந்த பாணர்கள். பாட்டில் வாழ்ந்த அத்தெய்வங்களுக்குத் தாளிலும் துணியிலும் உருவம் கொடுத்தார் ஜன்கட். 1982-இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவனுக்கு அவரை வரவழைத்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். 1989-இல் பாரிஸ் மாநகரில் பன்னாட்டுக் கலைஞரின் ஆக்கங்களோடு அவர் ஓவியங்களும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. புள்ளிகளாலும் கோடுகளாலும் அவர் வகுத்த முறையை இன்று ‘கோண்டு ஓவியம்’ என்று பொதுப்பெயரிட்டு விற்கின்றனர். தனியொருவர் நம் காலத்தில் படைத்த புதுமையைத் தொன்றுதொட்ட குலவழக்கம் என்பது புகழ்ச்சியன்று, பறிமுதலே ஆகும்.

2001-இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் வரையச் சென்ற அவர், அங்கேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த நிபந்தனைகளின்கீழ் அவர் அங்கு உழைத்தார் என்ற கேள்வி அப்போது எழுந்தது. அக்கேள்வி ஒவ்வொரு கண்காட்சியின் வாயிலிலும் எழவேண்டியதன்றோ?

“புரப்பார் இல்லையேல் இக்கலை அழிந்துபோகாதா?” என்பர் சிலர். புரத்தல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கோண்டுக் குடும்பங்கள் தம்மைப் பாடிவந்த பர்தானுக்கு உரியதை முறைப்படி வழங்கிவந்தன. அங்கே பாணன் பெற்றது பிச்சையன்று, உரிமை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994-ஆம் ஆண்டுத் திருத்தமும், மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவர்க்கோ வாரிசுக்கோ பங்குண்டு என்கிறது. காட்டுச் சிற்றூர் அறிந்திருந்த நெறியைக் கலைக்கூடங்கள் அறியாதிருத்தல் தகுமா?

பிழைப்பை நாடி வேற்றுமொழி நிலங்களில் குடியேறிய நம்மை ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தபோது நாம் கொதித்தோம். ஊரும் பேரும் உள்ள ஒருவரைப் ‘பழங்குடிக் கலைஞர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பதும் அதே கொடுமைதான். எனவே, வீட்டுச் சுவருக்கு ஓர் ஓவியம் வாங்கும்போது, வரைந்தவர் யார், அவர் பெற்றது எவ்வளவு என்று கேட்போம். கலைஞர் பெயர் எழுதாத காட்சிக்கு நம் சங்க அரங்குகளில் இடங்கொடோம்.