ஓடையை விற்றது யார்? வாங்கியது யார்?

மழை பெய்தால் வெள்ளம் வரத்தான் செய்யும். அதற்கு மனிதன் என்ன செய்வான்? இப்படிச் சொல்லித்தான் ஒவ்வோர் ஆண்டும் நம் வாயை அடைக்கிறார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள். மனை விற்றவர்கள் சொல்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் சரக்கைப் பறிகொடுத்த வணிகரும் அதையே திருப்பிச் சொல்கிறார். பழியை வானத்தின் மீது போட்டுவிட்டால் பூமியில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா!

சகோதரர்களே! நம்மில் பலர் வணிகர்கள். கணக்கு நமக்குப் புதிதல்ல. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் விழுகிற தண்ணீர் 22,000 லிட்டருக்கும் மேல். அந்த இடம் புல்லும் மரமுமாக இருந்தபோது அதில் ஒரு பங்கு இலைகளில் தங்கியது. ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியது. மீதிதான் மெல்ல நகர்ந்து ஓடைக்குப் போனது. அதே மனை முழுவதும் கூரையும் சிமெண்டுத் தரையும் போட்டாகிவிட்டால்? அத்தனை தண்ணீரும் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடுகிறது. 100 மனைகள் கொண்ட ஒரு நகர் என்றால் 22 லட்சம் லிட்டர்! 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தக் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல்!

மழை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் தங்குவதற்கும் போவதற்கும் இருந்த இடம் எங்கே? இதுதான் நம் கேள்வி.

கழுவெளி எங்கே போனது?

தென்சென்னையைப் பாருங்கள். அங்கே ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த தாங்கலுக்குப் போகும். இப்படி ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் விழுந்த மழை ஓடைகள் வழியாகப் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு வந்து சேரும். அங்கே தங்கி, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். நம் முன்னோர் இந்த ஏற்பாட்டைக் காலங்காலமாகக் காத்து வந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கழுவெளியின் மேல் சாலை போட்டோம். ரயில் நிலையம் கட்டினோம். கணினி நிறுவனங்களுக்கு அடுக்குமாடி எழுப்பினோம். ஊர்க் குப்பையைப் பெருங்குடியில் கொட்டினோம். எஞ்சியதில் 1,247 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு வந்து சேரும் ஓடைகளின் கதி? 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதே, அதுதான் பதில்!

வீடு எழும் முன்பே ஓடை சாகிறது

ஓடையை மண் போட்டு மூடினால்தான் அழிவு என்று எண்ணாதீர்கள். மனைப்பிரிவு போடுகிறவர் முதலில் பொக்லைனைக் கொண்டுவந்து மரம், புதர் எல்லாவற்றையும் வழித்தெடுக்கிறார். பிடிமானம் இழந்த மண் முதல் மழையிலேயே கரைந்து ஓடைக்குப் போகிறது. அங்கிருந்து ஏரிக்குப் போகிறது. ஏரி தூர்ந்துபோகிறது. வேகமாகப் பாய்கிற தண்ணீர் ஓடைக் கரையை அரிக்கிறது. கரையைப் பிடித்து நின்ற பனையும் புங்கனும் சாய்கின்றன. சாலையின் எண்ணெயும் சாக்கடையும் கூடவே சேர்கின்றன. மூன்று மழைக்காலம் போனால் அது ஓடை அல்ல, சாக்கடை! அப்புறம் என்ன சொல்கிறார்கள்? "சாக்கடைதானே, மூடிவிடலாம்!" எவ்வளவு வசதியான வாதம்!

"பெரிய மழைநீர் வடிகால் கட்டினால் போதுமே" என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். கான்கிரீட் வடிகால் தண்ணீரை அழிப்பதில்லை. உங்கள் தெருவிலிருந்து அடுத்தவன் தெருவுக்கு விரைந்து அனுப்புகிறது, அவ்வளவுதான். அதற்குப் பள்ளம் தோண்டும்போது சாலையோர மரங்களின் வேரை அறுக்கிறார்கள். பிறகு அடிமரம் வரை சிமெண்டைப் பூசுகிறார்கள். வேரிழந்து, நீருமிழந்த மரம் புயலடித்தால் எப்படி நிற்கும்? 2016-இல் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைக் கண்ட பிறகும் பாடம் படிக்க வேண்டாமா? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த நியாயம் நம் ஊர் மரத்துக்குப் பொருந்தாதா?

"அப்படியானால் வீடே கட்டக் கூடாதா? வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்பார்கள். வீடு வேண்டும், கடையும் வேண்டும். நாம் சொல்வது ஒன்றுதான்: உன் மனையில் விழுந்த தண்ணீருக்கு நீயே பொறுப்பு! கூரை போட்டு, தரை பூசி லாபம் பார்ப்பது ஒருவர், அதன் வெள்ளத்தைச் சுமப்பது பள்ளத்தில் இருக்கும் ஏழை என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல, அநியாயம்!

சட்டம் இருக்கிறது, கேட்பார் இல்லை

கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003-இல் கட்டாயமாக்கியது. ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் தனிச் சட்டமே வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் திறந்தவெளியை எதற்கும் உதவாத மூலையில் ஒதுக்காமல், தண்ணீர் வந்து சேரும் தாழ்வான பக்கத்தில் ஒதுக்கி, அங்கே ஒரு குட்டை வெட்டி மரம் வைத்தால் என்ன? பாதி வெள்ளம் அங்கேயே நிற்காதா? கோடையில் கிணறும் ஊறாதா? லாரித் தண்ணீருக்குக் கொட்டும் காசும் மிச்சமாகாதா?

வணிகப் பெருமக்களே! மனை வாங்கும்போது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் கேளுங்கள். பக்கத்துப் புல எண்ணில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், தாங்கல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்! நீங்களே மனை விற்பவராக இருந்தால், குறையை மறைத்துச் சரக்கு விற்பதற்கும் ஓடையை மறைத்து மனை விற்பதற்கும் வேறுபாடு உண்டா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! வெள்ளம் வந்தபின் படகில் சென்று சோற்றுப் பொட்டலம் கொடுப்பதில் நம் இளைஞர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். 2015-இல் நாடே அதைப் பார்த்தது. அந்தத் தியாகத்தில் பாதியை மழைக்கு முன்னால் காட்டுங்கள். உங்கள் பகுதியின் கிராம வரைபடத்தைக் கையில் எடுங்கள். ஓடை எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பாருங்கள். அடைப்புகளைப் பட்டியலிட்டுக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வட்டாட்சியருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். வடிகால் பள்ளம் தோண்டும் இடத்தில் வேரை அறுத்தால் அங்கேயே தட்டிக் கேளுங்கள்.

ஓடையும் மரமும் எந்தத் தலைமுறைக்கும் சொந்தச் சொத்து அல்ல, அமானிதம். வாங்கியவாறே அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டியவை. விற்றவனைக் கேட்பதற்கு முன்னால், வாங்காமல் இருக்கும் துணிவு நமக்கு இருக்கிறதா?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் வரும். அதற்குள் உங்கள் ஊர் ஓடைக்கு வழி திறந்திருக்குமா?