கீழாநெல்லியும் ஈரலும்

கீழாநெல்லியை அறியாத தமிழர் அரியர். மழை பெய்ததும் வரப்பிலும் வேலியோரத்திலும் முளைக்கும் இச்சிறு பூண்டினை அரைத்து மோரிற் கலந்து காமாலை நோயாளிக்குக் கொடுத்தல் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். இவ்வழக்கத்தை எள்ளி நகைப்போரிடத்தும், இதனையே முடிந்த முடிபாகக் கொள்வோரிடத்தும் யாம் சேர்ந்தோமல்லோம்.

இக்காலத்துக் கலாசாலைப் பரிசோதனைச்சாலைகளில் நிகழ்வது யாது? இலையை உலர்த்திப் பொடித்து, மெதனாலில் ஊறவைத்துச் சாரம் எடுக்கின்றனர். டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசல் அச்சாரம் பட்டு மஞ்சளாக வெளுப்பின், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்று எழுதுகின்றனர். பின்னர் எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சூட்டி, பழுதுற்ற ஈரலினின்று இரத்தத்திற் கசியும் நொதிகளை அளக்கின்றனர். சாரம் உண்ட எலிகளிடத்து அவை குறைந்திருப்பின் ‘ஈரலைக் காக்கும்’ என்கின்றனர். முறை பிழையன்று. ஆயினும், தேயிலைச் சாரமும் அவ்வூதா நிறத்தை வெளுக்குமே! நம் பாட்டியாரும் மெதனாலில் மருந்து அரைத்தவரல்லர். எலிக்கு ஊட்டிய நஞ்சு வேறு; மனிதர் ஈரலிற் குடிபுகும் வைரஸ் வேறு. ‘மருந்தாகும்’ என்று முடிக்குமுன், எந்நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றை மாணவ நண்பர்கள் சற்றே எண்ணுவாராக.

மனிதரிடத்துச் செய்த சோதனையும் உண்டு. சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க் முதலியோருடன் 1988-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் அதன் முடிவை வெளியிட்டார். 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தினின்று அவ்வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லாப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பின்னர்ப் பிற நாடுகளிற் செய்த சோதனைகளிலோ அவ்வெற்றி மீளவும் காணப்படவில்லை. முதற்செய்தி நம் மேடைகளில் முழங்குகின்றது. இரண்டாவதனை எடுத்துரைப்பார் மிகச் சிலர். இதுவே எமது குறை.

காமாலை ஒரு நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவான குறி. ஏ வைரஸால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கும். புகழோ அப்போது குடித்த மருந்தைச் சாரும். பித்தநாளத்தைக் கல் அடைத்திருப்பின் எத்தனை கலயம் மோர் குடித்தும் பயனில்லை. தாழ்த்திய நாட்கள் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், கீழாநெல்லியைக் கிள்ளுமுன் இரத்தத்தைச் சோதித்துக் காரணத்தை அறிக என்கின்றோம். பி வைரஸுக்கோ தடுப்பூசியே உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துள் அதன் முதல் ஊசியைப் போடுதல் வேண்டும்.