எச்சிலில் தெரியுமா ஒலிம்பிக் பதக்கம்?

குழந்தையின் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து அனுப்பினால் போதுமாம். பிள்ளை நூறு மீட்டருக்கா மாரத்தானுக்கா என்று அறிக்கை வந்துவிடுமாம்! 2008-ல் அமெரிக்காவில் இப்படி ஒரு சோதனை 149 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பார்ப்பது ஏசிடிஎன்3 என்ற ஒரே ஒரு மரபணுவை.

சரக்கின் பேக்கிங் பிரமாதம். உள்ளே என்ன இருக்கிறது?

தசை சுருங்க உதவும் மயோசின் புரதத்தில் பல வகை உண்டு. கருவில் ஒன்று, பிறக்கும் சமயத்தில் இன்னொன்று. பிறந்த பிறகு அவை படிப்படியாக ஓய்ந்து, பெரியவர்களுக்கான வகைகள் தலைதூக்குகின்றன. இத்தனைக்கும் புதிதாக ஒரு மரபணுவும் வந்து சேர்வதில்லை. எல்லாம் ஏற்கெனவே இருப்பவைதான். எந்த விளக்கு எப்போது எரியும் என்பதுதான் மாறுகிறது.

சுவிட்சைப் போடுவது யார்? நரம்பு, தைராய்டு ஹார்மோன், தசை செய்யும் வேலை. 1960-ல் புல்லரும் எக்கிள்ஸும் அவர் மகளும் பூனைகளில் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் மாற்றி இணைத்தார்கள். வேகத் தசை மெதுவானது, மெதுவான தசை வேகம் பிடித்தது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை! பெரியவர்களின் தசையில் அடிபட்டு ஆறும்போது, எப்போதோ அணைந்துபோன கருக்கால மயோசின்கூட மீண்டும் எட்டிப் பார்க்கிறது.

ஏசிடிஎன்3 ஆராய்ச்சி பொய்யில்லை. 2003-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டது உண்மைதான்: உச்சநிலை வேக ஓட்டக்காரர்களிடம் இந்தப் புரதம் இல்லாத நிலை மிக அரிது. ஆனால் உலகில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேரிடம் இந்த மரபணுவின் வேலை செய்யும் பிரதி ஒன்றாவது இருக்கிறது. அத்தனை பேருமா உசைன் போல்ட்? தெருவில் போகும் முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்துகிற ஜாதகத்தை எந்த ஜோசியரும் எழுதுவார், அதுவும் சல்லிசாக!

2015-ல் பல நாட்டு விளையாட்டு மரபியல் வல்லுநர்கள் கூடித் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: திறமையைக் கண்டுபிடிக்க எந்தக் குழந்தைக்கும் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்று.

நஷ்டம் 149 டாலர் மட்டும் என்றால் தொலையட்டும் என்று விடலாம். "இவனுக்கு ஓட்டம் வராது" என்று காகிதம் சொன்னபின் எந்த அப்பா பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப் போவார்? ஓடாத கால் வேகம் பழகாது. கடைசியில் அறிக்கை பலித்துவிட்டது என்பார்கள். பலிக்கவில்லை, பலிக்க வைத்தார்கள்.

தசை இன்னும் தன் கணக்கை முடிக்கவில்லை. அதற்குள் பேலன்ஸ் ஷீட் போட இவர்கள் யார்?