ஊட்டியில உயரம் இருக்கு... டூர் டி பிரான்ஸுக்கு ஏன் ஆள் இல்லை?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பார்த்திருப்பீங்க. உங்க கார் இரண்டாவது கியரில் முனகிக்கிட்டு இருக்கும். பக்கத்துல ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியும் போட்ட ஒருத்தர், மூச்சு வாங்க சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போவார். 'எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?'னுகூட உங்களுக்குத் தோணியிருக்கலாம். ஆனா, ஐரோப்பாவில் அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. முதல்நிலை அணிகளான 'வேர்ல்டு டூர்' ஆண்கள் அணியில் சேரும் ஒரு வீரருக்கு, குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு 40 ஆயிரம் யூரோவுக்கு மேல்னு சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதி வெச்சிருக்கு. விதிவிலக்கு, புதுமுகங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்படி ஒரு வேலையில் இதுவரை ஓர் இந்தியர்கூடச் சேர்ந்ததில்லை. டூர் டி பிரான்ஸில் இந்திய வீரர் யாரும் ஓட்டியதில்லை. நூறு வருஷத்துக்கும் மேலா நடக்கிற பந்தயம் அது!

காசு கொடுத்து வாங்கும் காற்று

பெரிய அணிகள், சீசனுக்கு முன்னாடி வீரர்களை மலைக்கு அழைச்சுட்டுப் போகும். ஸ்பெயினின் சியரா நெவாடா பயிற்சி மையம் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கு. டெனெரிஃப் தீவின் டெய்டே எரிமலை மேல இருக்கும் ஹோட்டல், 2,100 மீட்டருக்கு மேல. அங்கே ஆக்ஸிஜன் குறைவு. அதைச் சமாளிக்க உடம்பு கூடுதலா சிவப்பணுக்களை உற்பத்தி பண்ணும். கீழே இறங்கி வந்ததும், தசைகளுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் கிடைக்கும். சில வாரம் அங்கே தங்குறதுக்கு அணிகள் பெரும் பணம் செலவழிக்குது.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அந்தக் காற்று அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இலவசம். நீண்ட தூர ஓட்டக்காரர்களுக்கான தேசியப் பயிற்சி முகாம் ஊட்டியில் நடந்ததும் இதுக்காகத்தான்.

ஏற்றத்துக்கும் பஞ்சமில்லை. பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலைப்பாதையில் 21 வளைவுகள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் நம்ம கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்!

உயரம் மட்டும் போதுமா?

இதே உயரத்தில் இன்னோர் ஊரைப் பாருங்க. எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாரா, கிட்டத்தட்ட 2,300 மீட்டர். வசதி குறைந்த நாடு. அங்கிருந்து வந்த பினியம் கிர்மாய், 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை ஜெயிச்சு, பச்சை ஜெர்சியையும் தட்டிட்டுப் போனார். கொலம்பியாவில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிபாகிரா ஊர்ப் பையன் ஏகன் பெர்னால், 2019-ல் டூரையே ஜெயிச்சார்.

அவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம் நுரையீரலில் இல்லை. எரித்ரியாவில் 1946-லேயே நாடு சுற்றும் சைக்கிள் பந்தயம் நடந்திருக்கு. கொலம்பியாவின் 'வுவெல்டா' தொடங்கினது 1951-ல். அங்கே சைக்கிள் ரேஸ்னா, நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. பையன் ஜெயிச்சா உள்ளூர் கிளப், அடுத்து தேசிய அணி, அதுக்கப்புறம் ஐரோப்பானு ஏணியில் படி இருக்கு. கிர்மாய்கூட, சுவிட்சர்லாந்தில் இருக்கும் சர்வதேச சம்மேளனப் பயிற்சி மையம் வழியாத்தான் மேலே வந்தார்.

நம்ம ஏணியில் நடுப்படிகளே இல்லை. நீலகிரியில் பெயர் சொல்ற மாதிரி நடக்கிறது 2008-ல் தொடங்கின 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்'. சுமார் நூறு பேர் பல நாள் ஓட்டும் அருமையான பயணம். கல்லட்டி ஏற்றத்தில் நேரம் குறிச்சுப் போட்டியும் உண்டு. ஆனா, அது அமெச்சூர் ஓட்டிகளுக்கானது. கட்டணம் கட்டி, லீவு போட்டுட்டு வர்றவங்களுக்குச் சரி. எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கு?

ஒரு வீரரின் கணக்கு

பெங்களூரின் நவீன் ஜான் கதையைக் கேளுங்க. என்ஜினீயரிங் படிச்சவர். பலமுறை தேசிய சாம்பியன். 2016-ல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் டைம் ட்ரயலில் அவரும் அரவிந்த் பன்வாரும் இந்தியாவுக்காக ஓட்டினாங்க. அவர் ரேஸ் பழகப் பெல்ஜியத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கோடைக்காலத்தில் கிராமத் திருவிழான்னா ஒரு ரேஸ் நிச்சயம். கூட்டமா ஓட்டுறது, வளைவில் இடம் பிடிக்கிறது, காற்றுக்கு எதிரா ஒளிஞ்சு ஓட்டுறது... இதெல்லாம் தனியா மலை ஏறினா வராது. ஒரு தொழில்முறை வீரர், வருஷத்துக்கு 60 முதல் 80 நாள் ரேஸ் ஓட்டுவார். நம்ம ஊரில் தேசிய சாம்பியன்ஷிப் வருஷத்துக்கு ஒருமுறை.

வயசும் காத்திருக்காது. ஜூனியர் பிரிவு 18-ல் முடிஞ்சுடும். அடுத்த பிரிவு 22 வரை. ஐரோப்பிய அணிகள் ஆள் தேடுறது இந்த வயசுலதான். நம்ம வீட்டில் அது காலேஜ் சேர்ற வயசு. கீழ்மட்ட 'கான்டினென்டல்' அணிகளில் சேர்ந்தாலும் அங்கே குறைந்தபட்சச் சம்பளம்னு சர்வதேச விதி எதுவும் இல்லை. அதனால்தான் நல்லா ஓட்டுற பிள்ளைகளும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, ராணுவ வேலை கிடைச்சா போதும்னு நிறுத்திக்கிறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது.

இனி என்ன செய்யலாம்?

காற்று மாறுது. 2026 ஜனவரியில், சர்வதேசத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்ற பல கட்டப் பந்தயம் புனேயில் நடந்தது. அதுக்காக ரோட்டை மூடினாங்க, செப்பனிட்டாங்க. அதை ஏன் நீலகிரியில் செய்யக் கூடாது?

'ஏற்கெனவே டிராஃபிக், இதுல ரேஸா?'னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனில், வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்னு வரம்பும் வந்தது. மலைக்கு வரும் வண்டிகளை அளந்து விட முடியும்னு நிரூபணமாகிடுச்சு. மாசத்துல ஒரு ஞாயிறு, விடியற்காலை ரெண்டு மணி நேரம், ஒரே ஒரு மலைப்பாதையை மூடினா போதும். அன்னிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அதுவே ஒரு காட்சி.

அரசு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்குது. கியர் இல்லாத அந்தச் சைக்கிளில் மலைப் பாதையில் ரேஸ் ஓட்ட முடியாது. ரேஸ் சைக்கிளோ லட்சத்தில் விலை. மலைப் பள்ளிகளுக்குப் பொதுவா பத்து ரேஸ் சைக்கிள், ஒரு பயிற்சியாளர் கிடைச்சா, யாருக்குத் திறமை இருக்குனு ஒரே வருஷத்துல தெரிஞ்சுடும். விளையாட்டு வீரர்களுக்கு உதவ 2023-ல் தொடங்கின தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு இது பெரிய செலவு இல்லை.

உங்க பிள்ளை சைக்கிள் ரேஸ் ஆசையோட வந்து நின்னா, 'சோறு போடுமா?'னு கேட்கறதுல தப்பில்லை. இன்னிக்கு அதுக்கு நேர்மையான பதில், 'பெரும்பாலும் போடாது' என்பதுதான். அதனால 18 வயசுக்குள்ள எத்தனை ரேஸ் ஓட்ட முடியும்னு பாருங்க, படிப்பை விடாமப் பார்த்துக்கோங்க. நவீன் ஜானும் படிச்ச பிறகு ரேஸுக்கு வந்தவர்தான்.

அடுத்த முறை மலைப்பாதையில் ஒரு சைக்கிள் உங்க முன்னாடி போனா, ஹாரன் அடிக்காம ஒன்றரை மீட்டர் இடம் விட்டு மெதுவா கடந்து போங்க. அந்த ஓட்டிக்கு நாம இப்போதைக்குச் செய்ய முடிஞ்ச உதவி அது.