கொழுக்கட்டை அவிக்க நேரமில்லையா?

கார்த்திகை மாதம் பிறந்தால் போதும், நெய்யூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு வசனம் கண்டிப்பாகக் கேட்கும். "பிள்ளைக்குப் பரீட்சை, இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்." பரீட்சை உண்மைதான். செமஸ்டர் தேர்வும் திருக்கார்த்திகையும் நவம்பர், டிசம்பரில்தான் முட்டிக் கொள்கின்றன. ஆனால் அதே பிள்ளைக்கு, அதே வாரத்தில், கிரிக்கெட் மேட்ச் பார்க்க மூன்று மணி நேரம் எங்கிருந்து கிடைத்தது? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை :-)

சரி, அப்படி என்ன பெரிய வேலை? பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலக்காய், சுக்கு. பனங்குருத்தோலையை நறுக்கி, நடுவில் மாவை வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, கட்டி அவிக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் அகல் விளக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். இது பெரிய வேலையாகத் தெரிவதற்குக் காரணம், எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே செய்வதுதான். ஓலை கட்ட நான்கு கைகள் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். "நேரமில்லை" என்று மகன் சொல்வது உண்மையில் அம்மாவின் நேரத்தைப் பற்றி!

விடுமுறை இல்லையே என்பது அடுத்த சாக்கு. தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் கார்த்திகை தீபம் இல்லைதான். 2025-ல் டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருநாளும் தீபமும் ஒரே நாளில் வந்தன. அப்படி எல்லா வருஷமும் வராது. ஆனால் அரசு லீவு விட்டால்தான் பண்டிகை என்றால், அது பண்டிகையா, லீவா?

சங்க காலத்திலேயே இந்த விளக்கு விழா உண்டு. அகநானூற்றில் நக்கீரர் இதைப் பாடும்போது, மழை ஓய்ந்து கலப்பைகளும் தூங்குகிற காலம் என்கிறார். கலப்பைக்கு அவர் வைத்த சொல் நாஞ்சில்! "பார்த்தீர்களா, அவர்களுக்கு அப்போது வேலை இல்லை" என்று சிலர் மடக்கலாம். மடக்க முடியாது. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கார்த்திகையில் கும்பப்பூ பயிர் வயலில் நிற்கும். தண்ணீர் பார்க்க வேண்டும், களை பார்க்க வேண்டும். அந்த நடுவிலும் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கொண்டாடலாம் என்று காத்திருந்தால் எந்தத் தலைமுறையும் கொண்டாடியிருக்காது.

"அது அஞ்ஞானிகள் பண்டிகை" என்ற பேச்சும் உண்டு. 1838-ல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வைத்தியப் பணி தொடங்கிய ஊரில் அது கேட்பதில் ஆச்சரியமில்லை. மனசாட்சிப்படி வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் டிசம்பர் 25 என்ற தேதியும் பைபிளில் இல்லை. கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியிலிருந்து பரவியது. குளிர் நாட்டு மரத்தை வீட்டுக்குள் வைக்கலாம், சொந்த ஊர்ப் பனையோலை மட்டும் ஆகாது என்பது என்ன நியாயம்? பக்கத்து வீட்டிலிருந்து வேலி தாண்டி வரும் கொழுக்கட்டையை மட்டும் யாரும் திருப்பி அனுப்புவதாகத் தெரியவில்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றை எடுத்தால் விட்டுப்போகும் மற்றொன்றின் மதிப்பு. கொழுக்கட்டைக்குப் போகும் ஒரு மணி நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள், அதை விட்டால் போவதையும் எழுதட்டும். ஓலை வெட்டித் தர ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கட்டத் தெரிந்த கை வீட்டுக்கு ஒன்றுதான் மிச்சம். அந்தக் கை ஓய்ந்துவிட்டால்?

பரீட்சையில் போனால் அரியர் எழுதலாம். இதற்கு அரியர் கிடையாது.