வயசானா விளையாட்டு தானா விட்டுப்போகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் நடுவில் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் எழுதினார்: "முப்பத்தெட்டு வயசு, ரெண்டு பிள்ளைக்கு அப்பன், இன்னும் வீடியோ கேம் ஆடுறான். உடம்பு வளர்ந்துச்சு, புத்தி வளரல." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். யாரைச் சொன்னாரோ அவன் பதில் பேசவில்லை. ராத்திரியே குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். அவன் எனக்கு உறவு மட்டுமல்ல, என் வகுப்பில் உட்கார்ந்தவனும்கூட. அவன் கேட்காமலேயே அவனுக்காக எழுதுகிறேன். அண்ணா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபம் வந்தால் போன் போட்டுத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பால்பல் விழுவது மாதிரி, வயசு வந்தால் விளையாட்டு ஆசை தானாக உதிர்ந்துவிடும், உதிராதவனிடம் ஏதோ கோளாறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பார்த்தது அப்படி இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் ரூமில் ஆறு மெஷின் இருந்தது. சார் வெளியே போனால் போதும், ஆறிலும் 'டேவ்' ஓடும். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன். பிறகு பிரௌசிங் சென்டர் வந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்று பெயர்களை நானே மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு லேட்டாக வரும் பையன்களை விசாரித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது நாற்பது நெருங்குகிறது. கல்யாணம், காதுகுத்து என்று பார்க்கும்போது கேட்பேன், இன்னும் ஆடுகிறீர்களா என்று. "ஆசையே போச்சு டீச்சர்" என்றவர்கள் சிலர்தான். "எங்க டீச்சர் நேரம்?" என்றவர்கள்தான் அதிகம். இரண்டும் ஒரே பதில் இல்லை. பசி இல்லாததற்கும் சோறு இல்லாததற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இன்னும் நோண்டிக் கேட்டால் சுவாரசியமாக இருக்கிறது. சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை முதல் குழந்தை பிறந்ததும் விட்டிருக்கிறார்கள். காரணம் ஞானோதயம் அல்ல. அந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டும், போனால் கூட ஆடும் நாலு பேர் திட்டுவார்கள். அதனால் நிறுத்தி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரக்கூடிய ஆட்டத்துக்கு மாறியிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் முழுக்க ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கோட்டை கட்டியவன் இப்போது மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே செஸ் ஆடுகிறான். வாழ்க்கை மாறினால் ஆடுகிற ஆட்டமும் அளவும் மாறுகின்றன. இதை "விட்டுவிட்டான்" என்று கணக்கெழுதுவது தப்பு.

சரி, கணக்குக்கு வருவோம். 2025 ஐபிஎல்லில் 74 ஆட்டங்கள். ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்தால் 259 மணி. இரண்டரை மாதத்துக்குள்! வாரம் ஆறு நாள் அரை மணி நேர சீரியல் ஒன்று பார்த்தால் வருஷத்துக்கு 156 மணி, இரண்டு பார்த்தால் 312. நம் பையன் பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் அரை மணி ஆடுகிறான். வருஷத்துக்கு 182 மணி, சொச்சம். இந்த மூன்றில் "புத்தி வளராத" கணக்கு எது என்று நீங்களே வட்டமிடுங்கள். நான் கிரிக்கெட்டையும் சீரியலையும் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது பெரியமனுஷத்தனம், மூளையையும் கையையும் ஓட்டி ஆடுவது சின்னப்பிள்ளைத்தனம் என்பது எந்த ஊர் தர்க்கம்?

நம் பெரியவர்கள் ஆடவில்லையா? வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க வீடு முழுக்கப் பரமபதம் ஆடினோம். பாம்பு கடித்துக் கீழே வந்ததற்காக அறுபது வயசுப் பாட்டி கோபித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் குனிந்து பாருங்கள், ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் இருக்கும். கருங்கல்லில் கோடு கீறுவது பிள்ளை விளையாட்டா? ரிட்டயர் ஆன பிறகு கிளப்பில் மத்தியானம் முழுக்கச் சீட்டு ஆடுபவரை யாரும் வளராதவர் என்பதில்லை. "நல்லா பொழுது போகுது அவருக்கு" என்கிறோம். மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ 1952ல் பிறந்தவர், என்னைவிட மூத்தவர்.

இதில் பெண்பிள்ளைகள் கதை தனி. பையன்களுக்கு அப்பா ஆனபின் விளையாட்டு குறைகிறது. பெண்களுக்கு வயசுக்கு வந்த அன்றைக்கே நிறுத்தப்பட்டது. தெருவில் பாண்டி ஆடியவளை உள்ளே கூப்பிட்டோம், அதற்குப் பிறகு அவள் கையில் கிடைத்தது கரண்டிதான். எங்கள் கம்ப்யூட்டர் ரூமில் டேவின் பத்து லெவலையும் முதலில் முடித்தது ஒரு பெண். இப்போது வங்கி வேலை, இரண்டு குழந்தைகள், மாமியார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், சத்தத்தை அணைத்துவிட்டு, போர்வைக்குள் ஆடுகிறாள். "மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான் டீச்சர்" என்று சிரித்தாள். (அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் கேட்காதீர்கள்.) அவள் வளர்ந்து விட்டுவிடவில்லை. ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அடிமையாகிவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் என்ன சொல்லியிருக்கிறது? கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாக வேண்டும், கெடுதல் கண்ணெதிரே நடந்தும் நிறுத்த முடியாமல் இருக்க வேண்டும். பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி நீடிக்க வேண்டும். முப்பது வயசுக்கு மேல் ஆடினால் நோய் என்று அதில் எங்கும் இல்லை. வேலையைப் பார்த்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, படுக்கப் போகும்முன் அரை மணி ஆடுகிறவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி வகையறாவை இதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது குடும்பங்களை அழித்தது நமக்குத் தெரியும். தமிழ்நாடு அதற்கு எதிராகச் சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. சூதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரு நாள் வராவிட்டால் பரிசு போச்சு, ரூபாய் கட்டினால் சீக்கிரம் ஜெயிக்கலாம் என்று பிடித்து இழுக்கும் செல்போன் ஆட்டங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீஸில் ஒரு மேனேஜர் போதாதா, பாக்கெட்டில் இன்னொருத்தர் எதற்கு?

உண்மையாகவே ஆசை தீர்ந்து விட்டவர்கள் இருக்கிறார்கள், அதுவும் சரிதான். வேறு ஏதாவது பிடித்திருக்கும். ஆனால் "நான்லாம் கல்யாணத்தோட விட்டுட்டேன்" என்று அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு அடுத்தவனைக் கேலி செய்ய வேண்டாம்.

வீட்டில் வருத்தம் இருக்கும் மனைவிமார்களுக்கு (கணவன்மார்களுக்கும்தான்) ஒன்று. "இந்த வயசுல என்ன கேம்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி ஜெயிக்காது. "உனக்கு அரை மணி இருக்கு, எனக்கு எங்கே?" என்று கேளுங்கள். அவன் ஆடும் நேரத்தில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள், பிள்ளையை யார் தூங்க வைக்கிறார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். அதில் இரண்டு பத்தியும் சமமாக வரவில்லையென்றால் சண்டை போடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

நாளைக்குக் காலையில் கண் டாக்டரிடம் போகிறேன், சொட்டு மருந்து விட்டால் எழுத்து தெரியாது. பின்னூட்டங்களுக்குப் பதில் சாயங்காலம்தான்.