இருமொழி வகுப்பில் எதிரொலி ஆசிரியர்

2003ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டு வகுப்புகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அதே வினா மீண்டும் தலைதூக்கிற்று. எந்த மொழியில் கற்பிப்பது என்று மேடைகள் முழங்கின. எங்ஙனம் கற்பிப்பது என்று கேட்டோர் மிகச் சிலரே.

இத்தகைய வகுப்பில் நிகழ்வது யாது? ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு தொடர் மொழிவார். மூச்சு வாங்குமுன் அதனையே தமிழில் மொழிவார். இதற்கு விளக்கம் என்று பெயரும் சூட்டிக்கொள்வார். குழந்தையோ கூரிய அறிவுடையது. இரண்டாவதாக வருவது தனக்குப் புரியும் என்று கண்டுகொண்ட மறுகணமே, முதலாவதற்குச் செவிகொடுப்பதை விட்டுவிடுகிறது. முப்பது நிமிடப் பாடத்தில் பாதி வெற்றோசையாய்க் கழிகிறது. ஆங்கிலமும் வந்தபாடில்லை.

இதற்கு நேர்மாறானோரும் உளர். மலாய்மொழி வகுப்பில் தமிழின் நிழலும் படலாகாது என்பது அவர்தம் கொள்கை. ஆயினும் விலக்கப்பட்ட தமிழ் பென்சில் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது! மாணவர் மலாய்ச் சொற்களின்மேல் தமிழெழுத்தால் ஒலிப்பைக் குறித்துக்கொள்கின்றனர். 'காலை' எனப் பொருள்படும் சொல்லும், 'பொருட்டு' எனப் பொருள்படும் சொல்லும் அக்குறிப்பில் ஒன்றுபோல் 'பாகி' என்றே நிற்கும். முன்னதன் முதலொலி அதிர்வற்றது. பின்னதன் முதலொலி அதிர்வுடையது. நம் நெடுங்கணக்கோ இரண்டிற்கும் ஒரே பகரத்தையே வைத்துள்ளது. இவ்வுண்மையைத் தமிழிலேயே எடுத்துரைத்து, தொண்டையில் விரல்வைத்து அதிர்வை உணரச்செய்ய இரண்டு நிமிடம் போதும். அதனை விடுத்து ஆண்டு முழுதும் சிவப்பு மையால் வட்டமிடுவதில் என்ன பயன்?

சொல்முறையும் இத்தகையதே. 'பெரிய வீடு' என்று பழகிய நா 'பெசார் ரூமா' என்றுதான் சொல்லும். தமிழில் அடை முன்னே நிற்கும், மலாயில் பின்னே நிற்கும் என்று இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால், 'ரூமா பெசார்' தானே அமையும். மொழிபெயர்ப்பது வேறு, ஒப்பிட்டுக் காட்டுவது வேறு.

கணிதத்திற்கு வருவோம். 'பதினொன்று' பத்தையும் ஒன்றையும் வெளிப்படக் காட்டுகிறது, 'இலெவன்' மறைக்கிறது. ஆகவே இடமதிப்பைக் குச்சிக்கட்டுகளைக் கொண்டு தமிழில் உணர்த்திய பின்னரே ஆங்கிலப் பெயரைத் தருதல் முறை. தமிழ்ப்பற்றாளர் சினங்கொள்ளாது கேட்க வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. 'தொண்ணூற்றைந்து' என்பதனுள் 'நூற்றைந்து' ஒலிக்கிறது; 105 என்றெழுதும் பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை. அங்கே 'நைன்டி' என்னும் சொல்லே ஒன்பதைக் காட்டித் துணைநிற்கிறது.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பர். ஒவ்வொரு தொடரையும் இருமுறை சொல்வதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிட்டிற்று?

மலாய்மொழி கற்பிப்பவர் தமிழறியாதவராய் இருத்தலும் உண்டு. பிள்ளை ஏன் 'பெசார் ரூமா' என்கிறது என்பது அவர்க்கு எங்ஙனம் விளங்கும்? அதனை அவர்க்குச் சொல்லவல்லவர் அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியரே. இருவரும் நாள்தோறும் ஒரே அறையில் தேநீர் அருந்துகின்றனர். இதுபற்றி ஒருநாளேனும் உரையாடியதுண்டா?